தமிழ் மின்னூல் தயாரிக்க எந்தத் திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

திருவல்லிக்கேணிப் பதிப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் என் தந்தையார் தொடங்கிய சிறு பதிப்பகம் ஒன்றை இப்போது நான் நடத்திவருகிறேன். ஊர் வரலாறுகள், கட்டுரைத் தொகுப்புகள், சிறுகதைகள் என நாங்கள் வெளியிட்ட நூல்களுள் ஏறக்குறைய நாற்பது இன்று அச்சில் இல்லை. நந்தனத்தில் நடைபெறும் புத்தகக் காட்சியில் வாசகர்கள் அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் சில நூறு படிகள் அச்சிட்டுக் கிடங்கில் அடுக்கி வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே அவற்றை மின்னூல்களாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். நூலாசிரியர்களிடமும், மறைந்தவர்களின் வாரிசுகளிடமும் மின்பதிப்புக்கான இசைவை எழுத்தில் பெற்றாகிவிட்டது.

இப்பணியை வெளியே ஒப்படைக்கலாமா என்று ஒரு நிறுவனத்திடம் முதலில் விசாரித்தோம். பக்கத்திற்கு இவ்வளவு என்று அவர்கள் சொன்ன கட்டணத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் பிற்பாடு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் அவர்களிடமே வர வேண்டும், திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தர இயலாது என்றார்கள். எங்கள் நூலின் கோப்பு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால், மூலநிரல் திறந்து வைக்கப்பட்டு எவரும் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்களைக் கொண்டு நாங்களே செய்துகொள்ள முடிவெடுத்தோம்.

எங்களிடம் உள்ளவை மூன்று வகை. பழைய நூல்கள் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக, யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கத்துக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளன. பின்னர் வந்தவை யூனிகோடில், வேர்டு கோப்புகளாக உள்ளன. மிகப் பழைய சிலவற்றுக்கு அச்சுப்படி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்யும் ஓர் அம்மையார், மெய்ப்புப் பார்க்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நான் ஆகிய மூவரே பணியாற்றுவோர். நிரல் எழுதத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒரு கணினியில் விண்டோஸும் மற்றொன்றில் உபுண்டுவும் இருக்கின்றன. சிஜில், காலிபர், லிப்ரே ஆபிஸ், பேண்டாக் என்னும் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவற்றுள் எதைக் கற்றுக்கொள்வது? கிண்டிலுக்கும் பிற கருவிகளுக்கும் தனித்தனியே கோப்பு தயாரிக்க வேண்டுமா?

அடையாறு வடிவமைப்பாளர்:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒரே வேலையின் வெவ்வேறு கட்டங்களுக்கு அவை பயன்படுகின்றன. எதற்கு எது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் இபப் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். மின்னூலுக்கான பொதுவான கோப்பு வடிவம் அது; உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாக எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்னும் வலைப்பக்க வடிவிலான பக்கங்களும், அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பும், படங்களும், எழுத்துருக்களும், இவை அனைத்தையும் வரிசைப்படுத்தும் ஓபிஎஃப் கோப்பும் இருக்கும். 2007இல் ஐடிபிஎஃப் அமைப்பு இதைத் தரநிலையாக வெளியிட்டது, அந்த அமைப்பு 2017இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியுடன் இணைந்தது, இபப் 3.3 பதிப்பு 2023இல் அதன் பரிந்துரையாக வெளிவந்தது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத தரநிலை என்பதால், இன்று ஒரு மென்பொருளில் செய்த கோப்பை நாளை வேறொன்றில் திறந்து திருத்தலாம். உங்களுக்கு அந்த நிறுவனத்துடன் நேர்ந்த சிக்கல் இங்கே எழாது.

உங்கள் மூவருக்கும் நான் பரிந்துரைப்பது லிப்ரே ஆபிஸ் ரைட்டரும் சிஜிலும். மெய்ப்புத் திருத்தம், தலைப்புகளை ஒழுங்குபடுத்துதல், அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தல் ஆகிய அனைத்தையும் ரைட்டரிலேயே முடித்துவிடுங்கள். தமிழாசிரியருக்கும் தட்டச்சு அம்மையாருக்கும் பழகிய சூழல் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும்: தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதுபடுத்தக் கூடாது, ஹெடிங் 1, ஹெடிங் 2 என்னும் ஸ்டைல்களைக் கொடுக்க வேண்டும். செய்யுள், மேற்கோள், அத்தியாய முகப்பு வாசகம் ஆகியவற்றுக்கும் தனித்தனி ஸ்டைல் வைத்துக்கொள்ளுங்கள். எண்டர் விசையைப் பலமுறை தட்டி இடைவெளி விடும் பழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். நம் டிடிபி மையங்களில் ஊறிப்போன பழக்கம் அது; விடுவது எளிதன்று.

லிப்ரே ஆபிஸ் 2018இல் வந்த 6.0 பதிப்பு முதலே இபப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியைக் கொண்டுள்ளது. அவசரத்துக்கு அது போதும். ஆனால் தலைப்பு, செய்யுள் எனத் தோற்றத்தை வகைப்படுத்த அது தானாகவே உருவாக்கும் சிஎஸ்எஸ் வகுப்புகளுக்குப் பொருளில்லாத பெயர்கள்தான் இருக்கும். பிற்பாடு திருத்தப் புகுந்தால் எது தலைப்பு, எது செய்யுள் என்றே தெரியாது. ஆகவே நான் செய்வது வேறு வழி. ரைட்டரில் முடித்த கோப்பை வேர்டின் டாக்ஸ் வடிவில் சேமித்து, சிஜிலில் டாக்ஸ்இம்போர்ட் என்னும் பிளக்இன் (துணைநிரல்) வழியாகத் திறக்கிறேன். அது ஹெடிங் ஸ்டைல்களை மட்டும் தலைப்புகளாக எடுத்துக்கொண்டு, எழுத்துரு அளவு, நிறம் போன்ற ஒட்டடைகளை உதறிவிடுகிறது. செய்யுளுக்கென்று நீங்கள் வைத்த ஸ்டைல் எந்த வகுப்பாக மாற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதன்பின் அத்தியாயம் பிரித்தல், பொருளடக்கம் உருவாக்குதல், அட்டைப்படம் சேர்த்தல், நூல் விவரங்களை நிரப்புதல் எல்லாம் சிஜிலில் சில சொடுக்குகளில் முடிகின்ற வேலை.

சிஜிலைப் பற்றி ஒரு முன்னறிவிப்பு. இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ், ஆங்கிலப் பாடங்களில் புக் வியூ என்று ஒரு முறையைக் காட்டியிருப்பார்கள். வேர்டு போலவே அதில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். 1.0 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, பேஜ்எடிட் என்னும் தனி மென்பொருளாக வழங்குகிறார்கள். அதையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஆனாலும் பத்தி, தலைப்பு, சாய்வு, இணைப்பு ஆகியவற்றுக்கான ஏழெட்டு ஹெச்டிஎம்எல் குறிகளையாவது ஒருவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

காலிபர் நல்ல மென்பொருள். கோவித் கோயல் 2006இல் சோனி நிறுவனத்தின் மின்படிப்பானை லினக்ஸில் பயன்படுத்துவதற்காகத் தொடங்கியது, இன்று மின்னூல் சேகரிப்போர் அனைவருடைய கணினியிலும் இருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாற்றி என்னும் பகுதி எந்தக் கோப்பையும் தன் போக்கில் அலசி எழுதிவிடும். வகுப்புப் பெயர்கள் எல்லாம் காலிபர்1, காலிபர்2 என்று மாறிப்போகும். உங்கள் மூலக்கோப்பை ஒருபோதும் அதன் வழியாகச் செலுத்தாதீர்கள். ஆனால் அதனுடன் வரும் நூல் திருத்தி அவ்வாறு எதையும் கலைப்பதில்லை. சிஜிலுக்கு இணையாக வேலை செய்கிறது. உபுண்டுவில் காலிபரின் திருத்தியைப் பழகிக்கொண்டவர்கள் சிஜிலுக்கு மாற வேண்டிய தேவையே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

கிண்டிலுக்கென்று தனிக் கோப்பு வேண்டியதில்லை. பதிப்பாளர்கள் நூலை ஏற்றும் அமேசானின் கேடிபி தளம் இபப்பையே ஏற்றுக்கொள்கிறது. வாசகர்கள் தங்கள் கிண்டிலுக்குத் தாமே அனுப்பிக்கொள்ளும் வசதியும் 2022 முதல் இபப்பை ஏற்கிறது. கிண்டிலின் பழைய மோபி வடிவத்தை மறந்துவிடலாம்.

கட்டளைவரி அன்பர்:

அடையாறு நண்பர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் நாற்பது நூல்கள் என்கிறபோது சிஜில் வழி எனக்குத் தயக்கம் தருகிறது. ஒவ்வொரு நூலையும் கையால் பிரித்து, கையால் சிஎஸ்எஸ் ஒட்டி, கையால் விவரம் நிரப்பினால் நாற்பது நூல்களும் நாற்பது விதமாக இருக்கும். அடுத்த ஆண்டு பதிப்பகத்தின் முகவரியோ சின்னமோ மாறினால் நாற்பதையும் திறந்து மூட வேண்டும்.

பேண்டாக்கில் அவ்வாறு இல்லை. ஜான் மேக்ஃபார்லேன் என்னும் தத்துவப் பேராசிரியர் 2006இல் வெளியிட்ட மென்பொருள் இது. நூலின் உரையை மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையில், சாதாரண உரைக்கோப்பாக வைத்துக்கொள்கிறோம். தலைப்புக்கு முன்னால் ஒரு எண்குறி (#), அழுத்தத்துக்கு இரு பக்கமும் உடுக்குறி (*) என்று அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தலைப்பு, ஆசிரியர், உரிமை, மொழி ஆகிய விவரங்கள் கோப்பின் தலையில் நான்கைந்து வரிகளாக இருக்கும். ஒரே கட்டளையில் இபப் வந்துவிடும். அதே கோப்பிலிருந்து வலைப்பக்கமும் வேர்டு கோப்பும் எடுக்கலாம். நாற்பது நூல்களுக்கும் ஒரே சிஎஸ்எஸ் கோப்பு. அதில் ஒரு வரியை மாற்றி, கட்டளையை மீண்டும் இயக்கினால் நாற்பதும் மாறிவிடும். ஊர் வரலாறுகளில் அடிக்குறிப்புகள் மிகுதியாக இருக்கும் என்று எண்ணுகிறேன். வேர்டு கோப்பின் அடிக்குறிப்புகளைப் பேண்டாக் ஒன்றும் தொலைக்காமல் எடுத்து, இருவழி இணைப்புகளுடன் தருகிறது. வரிக்கு வரி நிற்க வேண்டிய செய்யுளுக்கும் வரியின் முன்னே நிலைக்குத்துக் கோடு இடும் முறை உண்டு.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரை என்றால் அஞ்ச வேண்டியதில்லை. கட்டளையை ஒருமுறை எவராவது எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அதை இயக்குவது மட்டுமே வேலை.

மயிலாப்பூர் மெய்ப்பாளர்:

பதிப்பகங்களுக்கு நீண்ட காலம் மெய்ப்புப் பார்த்தவள் என்ற முறையில் சில சொற்கள். எந்த மென்பொருள் என்னும் கேள்விக்கு இரண்டு நண்பர்களும் விடை சொல்லிவிட்டார்கள். ஆனால் பதிப்பாளர் ஐயாவின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கப்போவது மென்பொருள் அன்று. பேஜ்மேக்கரிலிருந்து வரும் உரைதான். அது தூய்மையாக இல்லாவிட்டால் சிஜிலில் செய்தாலும் பேண்டாக்கில் செய்தாலும் நூல் ஒன்றுபோலவே கெட்டிருக்கும்.

பழைய எழுத்துருக்களில் நாம் தட்டியது தமிழ் எழுத்துகளையே அல்ல, வடிவங்களை. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று ரகரத்தின் இடத்தில் துணைக்காலைத் தட்டியவர்கள் அநேகர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. குறியாக்க மாற்றி அதை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவரும். அதனால் 'அவர்' என்பது 'அவா்' என்றும், 'காரியம்' என்பது 'காாியம்' என்றும் வந்து நிற்கும். சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. மெய்ப்பாளரின் கண்ணையும் ஏமாற்றிவிடும். வாசகர் தன் படிப்பானில் 'அவர்' என்று தேடினால் மட்டும் கிடைக்காது. நல்லவேளையாக இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். துணைக்காலுக்குப் பின்னே புள்ளியோ இகர, ஈகாரக் கொக்கியோ தமிழில் ஒருபோதும் வாராது. ஆகவே அப்படி வரும் இடமெல்லாம் ரகரமே.

ஔகாரம் அவ்வளவு எளிதன்று. 'மௌனம்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டி 'மெளனம்' என்று வைத்திருப்பார்கள். அதைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு நூல் முழுவதும் ஒற்றைக்கொம்புக்குப் பின் வரும் ளகரத்தை ஔகாரமாக மாற்றினால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் சேர்ந்து சிதைந்துபோகும். இங்கே மௌனம், பௌர்ணமி, கௌரவம், சௌகரியம், யௌவனம், தௌகித்திரன் என்று சொல் சொல்லாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட சொற்கள் ஒரு நூலில் சிலவே வரும் என்பதால் இது மலைப்பான வேலையும் அன்று.

ஒகர, ஓகாரங்களில் வேறொரு சிக்கல். 'கோ' என்பதை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரே நூலில் இரண்டும் கலந்து கிடந்தால் தேடல் பாதி இடங்களைத் தவறவிடும். தமிழ் எண்கள் எழுத்தின் வேடத்தில் புகுவதும் உண்டு. எகரத்தின் இடத்தில் ஏழைக் குறிக்கும் '௭', ககரத்தின் இடத்தில் ஒன்றைக் குறிக்கும் '௧', அகரத்தின் இடத்தில் எட்டைக் குறிக்கும் '௮' என்று அமர்ந்திருக்கும். நூலில் தமிழ் எண்களே பயன்படாதபோது இவற்றைத் தேடி அழிப்பது எளிது.

பிறகு வரி முறிவுகள். பேஜ்மேக்கரில் வரி நிரம்புவதற்காகச் சொல்லைப் பிளந்து சிறுகோடு இட்டிருப்பார்கள். மின்னூலில் வரியின் அகலம் வாசகரின் கைப்பேசியைப் பொறுத்து மாறுவதால் அந்தச் சிறுகோடுகள் வரியின் நடுவே வந்து விழும். இவற்றை ஒட்டுமொத்தமாக நீக்கக் கூடாது. 'அண்ணன்-தம்பி' போன்ற உண்மையான சிறுகோடுகளும் உடன் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்து நீக்குங்கள்.

லிப்ரே ஆபிஸில் தமிழுக்கான ஹன்ஸ்பெல் சொல்திருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வேற்றுமையுருபும் விகுதியும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்களில் சரியானவற்றையும் அது ஏராளமாகச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். தமிழாசிரியரின் கண்ணுக்கு அது ஈடாகாது. மார்க்டவுன் வழியைப் பற்றியும் ஒரு கருத்து: கட்டளைவரி அன்பர் இளைஞர் என்று எண்ணுகிறேன். எழுபதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் உடுக்குறிகளுக்கும் நிலைக்குத்துக் கோடுகளுக்கும் நடுவே ஒற்றுப்பிழை பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

திருவல்லிக்கேணிப் பதிப்பாளர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இதற்கிடையில் ஒரு சிறு கட்டுரைத் தொகுப்பை எடுத்துச் சோதித்துப் பார்த்தோம். பேஜ்மேக்கர் நிறுவியிருந்த பழைய கணினி பழுதடைந்துவிட்டதால் கோப்பை லிப்ரே ஆபிஸின் டிரா என்னும் வரைபடச் செயலியில் திறந்தோம், திறந்தது. ஆனால் உரை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பெட்டியாகப் பிரிந்து வந்ததால் ஒன்றன்பின் ஒன்றாக ரைட்டரில் ஒட்ட வேண்டியிருந்தது. பிறகு முழு உரையையும் ஒரு குறியாக்க மாற்றியில் இட்டபோது தமிழ் நன்றாகவே மாறியது. கட்டுரைகளின் இடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் நூற்பெயர்களும் மட்டும் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகிவிட்டன. இதைத் தவிர்க்க வழியுண்டா? மேலும், அச்சுக்காக விலைக்கு வாங்கிய எழுத்துருவையே மின்னூலிலும் பதிக்கலாமா என்று தட்டச்சு அம்மையார் கேட்கிறார்.

அடையாறு வடிவமைப்பாளர்:

டிரா வரை வந்துவிட்டீர்கள் என்பதே நல்ல செய்தி. எல்லாப் பேஜ்மேக்கர் கோப்புகளும் அதில் சீராகத் திறப்பதில்லை.

ஆங்கிலம் சிதைந்ததற்குக் காரணம் இதுதான். பழைய குறியாக்கத்தில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே குடியிருக்கின்றன. எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை எழுத்துருவின் பெயர் ஒன்றே காட்டிக்கொடுக்கும். வெறும் உரையாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டும் கணத்தில் அந்தத் தகவல் போய்விடுகிறது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே, ரைட்டரில் உரை எழுத்துருக்களுடன் இருக்கும்போதே, ஆங்கிலப் பகுதிகளை அடையாளமிட்டுப் பிரித்துவிட வேண்டும். தேடி மாற்றும் பெட்டியில் சொல்லுக்குப் பதிலாக எழுத்துருவைக் கொண்டு தேடும் வசதி உண்டு. ஆங்கில எழுத்துருவின் பெயரைக் கொடுத்து அனைத்தையும் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலப் பகுதிகள் குறைவாக இருந்தால் அவற்றை வெட்டித் தனிப் பட்டியலில் எண்ணிட்டு வைத்துவிட்டு, உரையில் அந்த எண்ணை மட்டும் விட்டுவைப்பது மிக எளிய முறை. மாற்றிய பின் திரும்ப ஒட்டலாம். எண்கள் பெரும்பாலான மாற்றிகளில் அப்படியே கடந்து வந்துவிடுகின்றன. எனினும் முதல் அத்தியாயத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். தடித்த எழுத்துக்கென்று பழைய காலத்தில் தனி எழுத்துருவே பயன்படுத்தியிருப்பார்கள். அதையும் இதே முறையில் தேடி, மாற்றத்துக்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துணைத்தலைப்புகள் உடலுரையோடு கரைந்துவிடும்.

எழுத்துரு விஷயத்தில் கவனம் தேவை. அச்சுக்காக வாங்கிய உரிமம் மின்னூலில் பதித்து விநியோகிக்கவும் அனுமதிக்கிறது என்று கொள்ள முடியாது. பல உரிமங்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கின்றன. விண்டோஸுடன் வரும் லதாவையும் அவ்வாறு எடுத்துப் பதிக்கக் கூடாது. எவரும் பதிக்கவும் பகிரவும் இசையும் ஓஎஃப்எல் என்னும் திறந்த உரிமத்தில் வெளியான எழுத்துருக்களில் இந்தக் கவலை இல்லை. நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எனக்குப் பிடித்தது. தலைப்புகளுக்குக் கேட்டமரான் அல்லது முக்தா மலர் பொருந்தும். சிஜிலில் எழுத்துருக் கோப்புறையில் சேர்த்து, சிஎஸ்எஸ் கோப்பில் ஒருமுறை அறிவித்தால் போதும்.

அதே சிஎஸ்எஸ் கோப்பில் இன்னும் சில. எழுத்தின் அளவைப் பிக்சலில் நிலைப்படுத்தாதீர்கள். அளவைத் தீர்மானிப்பது வாசகரின் உரிமை. இருபுறமும் சமப்படுத்தும் அமைப்பையும் தவிர்த்து, இடப்புறச் சீரமைப்பாக விட்டுவிடுங்கள். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் குறுகிய வரியில் மூன்று சொற்களை இழுத்துச் சமப்படுத்தினால் பல் விழுந்த வாய்போல இடைவெளிகள் தெரியும். சாய்வெழுத்தையும் குறைத்துக்கொள்ளலாம்; தமிழெழுத்துருக்கள் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவம் இல்லாததால் மென்பொருள் செயற்கையாகச் சாய்க்கிறது, அழகாக அமைவதில்லை. நூல் விவரத்தில் மொழி தமிழ் என்று குறிக்க மறவாதீர்கள்; உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் அதைப் பார்த்தே தமிழ்க் குரலைத் தேர்கின்றன. உள்ளே இருக்கும் அத்தியாயக் கோப்புகளின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழ்க் கோப்புப் பெயர்களைத் தரநிலை ஏற்றாலும், பழைய கருவிகள் சில தடுமாறுகின்றன.

முடித்த கோப்பை இபப்செக் என்னும் சோதனை மென்பொருளில் இடுங்கள். டபிள்யூ3சி பராமரிக்கும் திறமூல மென்பொருள் அது; சிஜிலுக்குள்ளேயே பிளக்இன்னாகவும் கிடைக்கிறது. பிழையில்லை என்று அது சொன்ன பிறகே தளங்களில் ஏற்றுங்கள். அதன்பின் கணினியில் தோரியம், கைப்பேசியில் கேஓரீடர் என இரண்டு திறமூலப் படிப்பான்களிலாவது திறந்து புரட்டிப் பாருங்கள். கிண்டில் தோற்றத்தைக் காண அமேசானின் முன்னோட்ட மென்பொருள் வேண்டும்; அது இலவசம்தான், திறமூலம் அன்று, லினக்ஸுக்கும் கிடையாது. உங்கள் விண்டோஸ் கணினி இந்த ஒரு வேலைக்காவது இருக்கட்டும்.

கட்டளைவரி அன்பர்:

மயிலாப்பூர் அம்மாவின் கண்டனத்தை ஏற்கிறேன். மெய்ப்பு ரைட்டரிலேயே நடக்கட்டும். ஆனால் மெய்ப்பு முடிந்து, இனி உரை மாறாது என்னும் நிலையில் அந்தக் கோப்பைப் பேண்டாக் வழியாக மார்க்டவுனாக மாற்றி ஒரு படி வைத்துக்கொள்ளுமாறு இன்னமும் வற்புறுத்துவேன். ஸ்டைல்கள் ஒழுங்காக இருந்தால் மாற்றம் நொடியில் முடியும். பத்தாண்டுகளுக்குப் பிறகு எந்த மென்பொருள் நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும் உரைக்கோப்பைத் திறக்க முடியும்.

அம்மா குறிப்பிட்ட திருத்தங்களில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவற்றைக் கையால் செய்ய வேண்டாம். ஓகாரத்தின் இருவகை எழுத்தமைப்பை யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் தானே ஒன்றாக்கிவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி. துணைக்கால், ரகரக் குழப்பத்தைச் சிஜிலின் ரீஜெக்ஸ் (எழுத்து அமைப்பைக் கொண்டு தேடும்) தேடலில் ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால், ஒவ்வொரு நூலுக்கும் அதை அழைத்துக்கொள்ளலாம். குறியாக்க மாற்றத்துக்கே ஓப்பன்தமிழ் என்னும் திறமூலப் பைத்தான் நிரலகம் இருக்கிறது. பாமினி உள்ளிட்ட பல பழைய குறியாக்கங்களை அது அறியும். உங்கள் எழுத்துரு எந்தக் குறியாக்கத்தைச் சேர்ந்தது என்று மட்டும் முதலில் கண்டறிய வேண்டும். ஒரு பத்தியைப் பழைய எழுத்தில் இங்கே இட்டால் பார்த்துச் சொல்கிறேன். மாற்றி, இயல்பாக்கி, சேமிக்கும் சிறு நிரலையும் எழுதித் தருகிறேன்.

திருவல்லிக்கேணிப் பதிப்பாளர்:

நாளையே அனுப்புகிறேன், தம்பி. ரைட்டர், சிஜில், இபப்செக் என்ற வரிசையில் முதல் ஐந்து நூல்களைச் செய்வது என்றும், மெய்ப்பு முடிந்தவற்றை உரைக்கோப்பாகவும் சேமிப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். வேர்டு கோப்பாக உள்ளவற்றிலிருந்தே தொடங்குகிறோம். அச்சுப்படி மட்டுமே உள்ள நூல்களைப் பற்றி எவரும் சொல்லவில்லையே?

மயிலாப்பூர் மெய்ப்பாளர்:

அவற்றைக் கடைசிக்கு வையுங்கள் ஐயா. டெசராக்ட் என்னும் திறமூல எழுத்துணரி தமிழை அறியும். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி (டிபிஐ) அளவில், பக்கம் வளையாமல் வருடினால் (ஸ்கேன் செய்தால்) தெளிவான அச்சை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனால் உங்கள் தந்தையார் காலத்து நூல்கள் என்றால், தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முந்தைய அச்சாக இருக்கக்கூடும். 'லை', 'னை', 'றா', 'ணா' ஆகியவற்றின் பழைய கூட்டுவடிவங்களில் எழுத்துணரி தடுக்கி விழும். ரகரமும் காலும் அங்கேயும் இடம் மாறும். நூறு பக்கத்துக்குக் குறைந்த நூலாக இருந்து, அச்சும் மங்கியிருந்தால் புதிதாகத் தட்டச்சு செய்து ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பதே விரைவில் முடியும். பத்துப் பக்கங்களை எழுத்துணரியில் இட்டு, பக்கத்துக்கு எத்தனை திருத்தம் வருகிறது என்று உங்கள் தமிழாசிரியரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு இருபதைத் தாண்டினால் நான் தட்டச்சையே தேர்வேன்.

வருடுவதற்கு முன்பு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்நூல் ஏற்கெனவே வருடப்பட்டிருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். உங்கள் படியில் பக்கங்கள் குறைந்திருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்கலாம். ஒரே படிதான் இருக்கிறது என்றால் தைப்பைப் பிரித்துத் தாள்களை உருவ வேண்டாம். கைப்பேசியால் மேலிருந்து படமெடுத்தாலும் எழுத்துணரிக்கு ஓரளவு போதும்.